மூன்று முறை விற்ற மகன்

தராசு பிடிப்பது நுமீசியஸின் தொழில். ரோமில் நிலமோ அடிமையோ கைமாறும்போது, ஐந்து சாட்சிகளுக்கு நடுவே ஒருவர் வெண்கலத் தராசைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அதில் எதையும் நிறுப்பதில்லை. வாங்குபவர் ஒரு வெண்கலத் துண்டால் தட்டில் தட்டுவார், வியாபாரம் முடிந்தது. முப்பது வருடம் எதையுமே நிறுக்காமல் நேர்மையானவர் என்று பெயர் வாங்கியிருந்தார் அவர்.

பிள்ளையில்லாத பேரரசர் ஒரு தளபதியைத் தத்தெடுத்த வருடம் அவருக்கு வேலை கூடியது. பெறுவது விபத்து, தேர்ந்தெடுப்பதே அறிவு என்று அவையில் புகழ்ந்தார்கள். ஊரிலிருந்த பிள்ளையில்லாத பணக்காரர்களுக்கெல்லாம் ஒரே வாரத்தில் அறிவு வந்தது. தத்து கொடுப்பதும் விற்பனைதான். பெற்றவன் மகனை மூன்று முறை விற்க வேண்டும். முதல் இரண்டு முறை வாங்கியவர் விடுவித்துவிடுவார்; மகன் தகப்பனிடமே திரும்புவான். மூன்றாவதோடு உறவு அறுந்தது.

மீன்சாறு வணிகர் கெசெல்லியஸ் தேர்ந்தெடுத்தது நுமீசியஸின் ஒரே மகன் லார்கஸை. இருபத்தாறு வயது. விருந்துகளில் கெசெல்லியஸ் கவிதை படித்தால் கடைசிவரை விழித்திருப்பான்.

"அவரு என்னைத் தேர்ந்தெடுத்திருக்காருப்பா. நீங்க பெத்தீங்க, அவ்வளவுதானே" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அவையில் பேசியதைத்தான் சொன்னான்.

விற்பனை நாளன்று அவருடைய தராசை வேறொருவர் பிடித்தார். இரண்டாவது விற்பனை முடிந்து மகன் அவர் பக்கத்தில் வந்து நின்றபோது, தராசுக்காரர் காதோடு சொன்னார்: "இப்பகூட ஒண்ணும் கெட்டுப்போகலண்ணே. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க."

லார்கஸ் கெசெல்லியஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். நுமீசியஸ் மூன்றாவது முறையும் விற்றார்.

நான்கு வருடம் கழித்துப் பேரரசர் இறந்தார். தளபதி அரியணை ஏறினார். அவருக்குச் சொந்த மகன் இருந்தான். ரத்தத்துக்கு ஈடு உண்டா என்று அதே அவையில் அதே வாய்கள் கேட்டன. கெசெல்லியஸ் ஐம்பத்தெட்டு வயதில் ஒரு சின்னப் பெண்ணைக் கட்டினார். ஏழாம் மாதமே மகன் பிறந்தான். யாரும் மாதத்தை எண்ணவில்லை. லார்கஸைத் தத்திலிருந்து முறைப்படி விடுவித்தார்கள்.

படுக்கைச் சுருளோடு வந்தவனை நுமீசியஸ் ஒன்றும் கேட்காமல் உள்ளே விட்டார். ஆனால் மூன்று முறை விற்ற மகன் சட்டப்படி திரும்புவதில்லை. அவர் சிதைக்கு மகனாக நின்று தீ வைக்கவும், அவர் பெயரைச் சுமக்கவும் ஒரு வழிதான் இருந்தது. அவனைத் தத்தெடுக்க வேண்டும்.

விற்கத் தகப்பன் இல்லாதவனைத் தத்தெடுக்கத் தலைமைப் பூசாரியின் அனுமதி வேண்டும்; இருவரும் அவர் முன் நின்றார்கள். தத்தெடுப்பவருக்கு அறுபது வயது தாண்டியிருக்க வேண்டும், தாண்டியிருந்தது. பிள்ளை இருப்பவருக்கு அனுமதி கிடையாது.

"பிள்ளைங்க யாராவது உண்டா, பெரியவரே?"

நுமீசியஸ் பக்கத்தில் திரும்பவில்லை. "இல்லீங்க."

சட்டப்படி அது உண்மை. அவர் வாயிலிருந்து வந்ததிலேயே கனமான உண்மை அதுவாகத்தான் இருக்கும். லார்கஸ் தலை குனிந்தான்.

"ஊருல எத்தனையோ பேர் இருக்க, இவனை எதுக்குத் தத்தெடுக்கறீங்க?" காரணத்தைப் பதிவேட்டில் எழுதுவது வழக்கம்.

லார்கஸ் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். அறிவு, ரத்தம் இரண்டும் நுமீசியஸின் நாக்கு வரை வந்துவிட்டுத் திரும்பிப் போயின.

"பழகிட்டேனுங்க" என்றார்.

பூசாரி அதையே எழுதிக்கொண்டார்.