வாசலில் போட்ட எட்டு

மயிலாப்பூரில், கோயில் குளத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் சந்தில், விடிந்ததும் அண்ணி இரண்டு கோலம் போடுவாள். ஒன்று வாசல்படிக்கு நேரே, எல்லா வீட்டிலும் போடுவது போலப் புள்ளிக் கோலம். இன்னொன்று சற்றுத் தள்ளி, தெருவின் முழு அகலத்துக்கும் படுத்துக் கிடக்கும் ஒரு பெரிய எட்டு. கோலமாவு டப்பாவை ஓரமாக வைத்துவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கியர் இல்லாத தன் சின்ன வண்டியைக் கிளப்பி அந்த எட்டின் மேலேயே சுற்றிச் சுற்றி வருவாள். பால் பாக்கெட் வாங்கப் போகிறவர்கள் சுவரோரமாக ஒதுங்கி நிற்பார்கள்.

"வாசல்ல போய் யாராவது எட்டு போடுவாங்களாடி? சனியோட நம்பர்!" என்று அம்மா தினமும் தலையில் அடித்துக்கொள்வாள். தெருமுனை ஆட்டோக்காரருக்கோ ஒரே கொண்டாட்டம். "இன்னாக்கா, மார்கழிக்குப் புது டிசைனா? நடுவுல ஒரு பூசணிப்பூ வையி, ஷோக்கா இர்க்கும்!" என்பார். "வெக்கிறேன். மொதல்ல கால் ஊனாம ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன்" என்பாள் அண்ணி.

விளையாட்டுக்கு இல்லை. அண்ணி கல்யாணத்துக்கு முன்பே ரத்தப் பரிசோதனை வேலைக்குப் படித்தவள். எங்கள் வீட்டுக்கு வந்தபின் அந்தப் படிப்பு சமையலறையில் வெந்துகொண்டிருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் அடையாறில் ஒரு நர்சிங் ஹோமில் கூப்பிட்டார்கள். நோயாளிகளின் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வரவேண்டும். மாதக் கடைசிக்குள் டூவீலர் லைசென்ஸைக் காட்டினால் வேலை, இல்லையென்றால் அடுத்த ஆளுக்கு. அந்தச் செய்தி வந்த அன்று அவள் முகம் இருந்த இருப்பை நான் மறக்கமாட்டேன். அவ்வளவு ஆசை.

எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கிய ஒருவரையும் அப்போது எங்களுக்குத் தெரியாது. புரோக்கரிடம் போட்டோவைக் கொடுத்தால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும். அண்ணன் வாங்கியது அப்படித்தான். "எதுக்கு வெயில்ல போய் நிக்கிற? நம்ம ஆள்கிட்ட குடுத்துட்டு வீட்ல உக்காரு" என்றான். "வண்டிய ஓட்டப்போறது நானா, புரோக்கரா?" என்று கேட்டாள் அண்ணி. அதோடு பேச்சு முடிந்தது.

மாதக் கடைசி நெருங்கியபோது டெஸ்டுக்கு நாள் வந்தது. துணைக்கு நானும் போனேன். மைதானத்தில் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார். புரோக்கர்கள் கூட்டி வந்தவர்கள் வண்டியில் ஏறுவதுபோல் ஏறி இறங்கினார்கள், பாஸ். ஒருவர் வண்டியைத் தொடக்கூட இல்லை, அவரும் பாஸ். அண்ணியின் முறை வந்தது. எங்கள் சந்தில் சுற்றுவது போலவே சுற்றினாள். கால் தரையில் படவே இல்லை. என் கண்ணால் பார்த்தேன். அதிகாரிதான் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற புரோக்கரிடம் ஏதோ பேசிச் சிரித்தபடி, தலை நிமிராமல், "பாஸ், அடுத்தது" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். அண்ணியோ வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு நேரே மரத்தடிக்குப் போனாள்.

"சார், நீங்க பாக்கவே இல்லையே."

"அதான் பாஸ்னு சொல்லிட்டேனேம்மா."

"பாத்துட்டு சொல்லுங்க சார்."

மைதானமே சிரித்தது. "யக்கா, குடுத்தத வாங்கிக்கினு போய்க்கினே இரு" என்றார் புரோக்கர். அவள் அசையவில்லை. அதிகாரிக்குக் கோபம் வந்துவிட்டது. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, "போடு, பாக்கறேன்" என்றார். அத்தனை கண்களும் அவள்மேல். போன முறை வெண்ணெய் போல வளைந்த வண்டி இந்த முறை நடுங்கியது. கடைசி வளைவில் இடது கால் தரையைத் தொட்டது. "ஃபெயில்! அடுத்த மாசம் வாங்க" என்றார், வாய் நிறைய.

வழி முழுக்க நான் திட்டிக்கொண்டே வந்தேன். "நீங்க ஒழுங்காத்தானே அண்ணி போட்டீங்க? அப்புறம் என்ன வீம்பு?" என்றேன். அண்ணி சட்டென்று நின்றாள். "ஒழுங்காப் போட்டதாலதான்டி கேக்கறேன். போட்டவளும் பாஸ், வண்டியத் தொடாதவனும் பாஸ். அப்ப நான் போட்டதுக்கு என்ன அர்த்தம்?"

வேலை வேறொரு பெண்ணுக்குப் போய்விட்டது. அண்ணி அழுதாள். பிடிவாதக்காரிகள் அழமாட்டார்கள் என்று யாராவது நினைத்தால் தப்பு. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். குழாய்ச் சத்தத்தையும் மீறி எங்களுக்குக் கேட்டது. மறுநாள் விடிந்ததும் வாசலில் எட்டு இருந்தது. அம்மாகூட அன்று தலையில் அடித்துக்கொள்ளவில்லை.

அடுத்த மாதம் அதே மைதானம், அதே அதிகாரி. "நீங்களா!" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் ஒரு சுற்றுதான் கேட்டார். அண்ணி கால் ஊனாமல் இரண்டு சுற்று வந்து அவர் முன்னால் நிறுத்தினாள். அவர் பார்த்துவிட்டுத்தான் பாஸ் என்றார்.

அடையாறு வேலை போனது போனதுதான். பிறகு லஸ் பக்கம் ஒரு சின்ன லேபில், அதைவிடக் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தாள். இன்றும் விசேஷ வீடுகளில் அண்ணன் அதைச் சொல்லிச் சிரிப்பான்: "கையில வந்த பாஸத் திருப்பிக் குடுத்த மகராசி!" எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எப்படியோ லைசென்ஸ் கைக்கு வந்து சேர்ந்தால் சரி என்று சொல்லிச் சொல்லித்தானே இந்த ஊரில் பாதிப்பேர் வண்டியை நம்மேல் ஏற்றுகிறார்கள்? அவள் தோற்ற அந்த நாளுக்கு ஈடாக, எங்கள் வீட்டில் யாராவது ஜெயித்த ஒரு நாளைச் சொல்லச் சொல்லுங்கள், பார்ப்போம்.

இப்போது எங்கள் சந்தில் இருபுறமும் கார்கள் நிற்கின்றன. எட்டுப் போட இடமில்லை. போன மழையில் அண்ணியின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து மாடவீதிப் பக்கம் போனேன். கணுக்காலுக்கு மேல் தண்ணீர். சுற்றியிருந்த வண்டிக்காரர்கள் எல்லாம் இரண்டு காலையும் தொங்கவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்கள். அறுபதைத் தாண்டிய அண்ணி பள்ளத்துக்குப் பள்ளம் வளைத்துப் போய்க்கொண்டிருந்தாள். எனக்குப் பயம். மெல்ல ஒரு காலைக் கீழே விட்டேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "காலத் தூக்குடி" என்றாள்.