பன்னிரண்டு மடங்கு கிட்டத்தில்

அவள் கணவர் வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டார். அதற்காகத்தான் அவள் கேமரா கடைப்படி ஏறினாள்.

அவர் இருபத்தாறு வருடம் தொலைதூரப் பேருந்து ஓட்டியவர். போகும் வழியில் ஒரு ஏரி உண்டு. தண்ணீர் தெரியாதபடி பறவைகள் இறங்கியிருக்கும். முதுகுக்குப் பின்னால் ஐம்பது பேரை உட்கார வைத்துக்கொண்டு எந்த ஓட்டுநர் கொக்கு பார்த்துக்கொண்டு நிற்க முடியும்? ஓய்வு பெற்றதும் ஏரி, மலை என்று இரண்டு பேருமாக நடந்தே சுற்றுவதாகப் பேசி வைத்திருந்தார்கள். ஓய்வு வருவதற்குள் நடுக்கம் வந்துவிட்டது. முதலில் வலது கை, அப்புறம் இடது. கியர் பிடித்த கைக்கு டம்ளர் பிடிபடவில்லை. ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்தவர் பேச்சையும் குறைத்துக்கொண்டே வந்தார். இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா, வெளியே காற்றாட உட்காரலாமா என்று எது கேட்டாலும் தலை மட்டும் இடமும் வலமுமாக அசையும். வேண்டாமாம். அவளும் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் தானாகவே கேட்டார்.

"அந்தத் தண்ணித் தொட்டி மேல உக்காந்திருக்கே, அது பருந்தா, வேற ஏதாவதா?"

அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் ஒரு வாரம் அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டே வேலைக்குப் போய் வந்தாள். மில்லில் நெய்து வரும் துணியில் எங்கேனும் இழை அறுந்திருந்தால் ஊசியால் கோத்துத் தடம் தெரியாமல் சேர்ப்பது அவள் வேலை. அந்த மனிதருக்கு இன்னும் ஒன்றைத் தெரிந்துகொள்ள ஆசை இருக்கிறது. அந்த இழையைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் பின்னால் வந்துவிடும் என்று நினைத்தாள்.

கடைக்காரர் மூன்று பைனாகுலர்களை எடுத்து வைத்தார். சட்டைப்பையில் போடுகிற சின்னது ஒன்று. பொழுது சாய்ந்தால் அதில் ஒன்றும் தெரியாது என்று அவரே ஒதுக்கிவிட்டார். மற்ற இரண்டும் முழு அளவு. ஒன்று எட்டு மடங்கு கிட்டத்தில் காட்டுவது, இன்னொன்று பன்னிரண்டு. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. பறவை பார்க்க, மலை ஏற, ஊர் சுற்ற எட்டே போதும் என்றார்.

அவள் பெரும்பாலும் கடைகளில் வாய் திறக்கமாட்டாள். அன்று கேட்டாள். "அதே விலைக்குப் பன்னண்டு கிடைக்கும்போது எட்டு எதுக்குங்க?"

"பெருசாக் காட்டக் காட்ட ஆட்டமும் பெருசாத் தெரியும்மா. கை நிதானம் வேணும்."

அவள் வாசலுக்குப் போய்ப் பன்னிரண்டைக் கண்ணில் வைத்தாள். எதிர்ச் சாரி மருந்துக்கடைப் பலகையின் பொடி எழுத்து நின்று நிதானமாகப் படிக்க வந்தது. கடைக்காரர் அவள் கையைப் பார்த்தார்.

"உங்க கை கல்லு மாதிரி நிக்குது. தாராளமா எடுத்துக்கோங்க."

முப்பது வருட மில் வேலையில் அவள் கையை யாரும் புகழ்ந்ததில்லை. கூச்சத்தோடு கூடவே சந்தோஷமும் வந்தது. பையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். யார் கைக்கு வாங்கினோம் என்ற நினைப்பு வழி நெடுக வரவில்லை.

பெட்டியைப் பார்த்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இன்ஸ்பெக்டரம்மா, என்னைக் கண்காணிக்கவா?" என்றார். அவள் சிரித்துவிட்டாள். அந்தக் கேலியைக் கேட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது.

அவர் அதைத் தூக்கிக் கண்ணருகே கொண்டுபோனார். எடைக்குக் கை இன்னும் உதறியது. மூக்கில் இடித்தது, புருவத்தில் இடித்தது.

"தொட்டி குதிக்குது" என்றார்.

அப்போதுதான் கடைக்காரர் சொன்னது அவளுக்கு உறைத்தது. "நான் பாத்துச் சொல்லட்டுங்களா?" என்றாள் மெதுவாக.

"நீ பாத்துச் சொல்றதுக்கு எனக்கு எதுக்குக் கண்ணு?" அவர் அதைக் கட்டிலில் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் பிரித்த பெட்டியோடு கடைக்குப் போனாள். கடைக்காரர் வருத்தப்பட்டாரே தவிர மாற்றித் தரவில்லை. அதற்கு அடுத்த நாள் காலையில், வேலைக்குப் போகுமுன் துண்டை மடித்து ஜன்னல் கம்பிக்கு அணைகொடுத்து, கிழிந்த துணியால் பைனாகுலரை இறுக்கிக் கட்டினாள். கண்ணை வைத்துப் பார்த்தாள். தொட்டி விளிம்பில் பறவை அசையாமல் நின்றது. அலகின் வளைவும் கண்ணைச் சுற்றிய மஞ்சளும் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தன. அவரை எழுப்பித் தாங்கி உட்கார வைத்தாள். பிடிக்கவே வேண்டாம், கண்ணை மட்டும் வைங்க என்றாள்.

வைத்தார். கண்ணைச் சுருக்கினார், விரித்தார், மறுபடி வைத்தார்.

"கம்பி ஆடுதே" என்றார்.

அவள் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். சிமெண்டில் பதித்த கம்பி, இம்மியும் ஆடவில்லை. அப்புறம் அவரைப் பார்த்தாள். பின்கழுத்து நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. தலை இடமும் வலமுமாக, விடாமல், சின்னதாக அசைந்துகொண்டிருந்தது. அவள் ஒன்றுமே கேட்கவில்லை, ஆனாலும் அசைந்தது.

துணியில் ஒற்றை இழை அறுந்தாலும் கண்டுபிடிக்கிறவள். எத்தனை நாள் இந்த அசைவை வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு தட்டோடு போனோம் என்று எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டாள்.

"ஆமாங்க" என்றாள். "கம்பிதான் ஆடுது. பழைய கம்பி."

"இறுக்கிப் புடி."

இரண்டு கையாலும் பிடித்தாள். மில் சங்கு ஊதியது. அவள் விடவில்லை.

"இன்னும் இறுக்கி" என்றார் அவர்.