பூஜைப் பூவுக்குத் தனி வாளி

சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவுக்கு மாநகராட்சி பேட்டரி வண்டியில் குப்பை எடுக்க வரும் அம்மா கழுத்தில் சின்னச் சிலுவை போட்டிருப்பார். சாமிக்குச் சாத்திய பூவைக் குப்பையில் சேர்ப்பது பாவம் என்று நான் ஏரியில்தான் போட்டுவந்தேன். அவர் அதற்கென்றே தனி வாளி கொண்டுவந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் பூவை வாங்கினார்.

“இத என்னம்மா பண்ணுவீங்க?”

“உரமாக்கறோம் சார். குப்பமேட்டுல கெடந்து அழுகினா கேஸ் கெளம்பி பூமி சூடாவுதாம்.”

“எங்க சாமி பூவுக்கு நீங்க ஏம்மா செருப்பக் கழட்டறீங்க?”

“இல்லாங்காட்டி நீங்க குடுப்பீங்களா சார்?” என்று சிரித்தார்.

உண்மைதான், கொடுத்திருக்க மாட்டேன்.

பிறகொரு நாள், பூட்டிய வீட்டு வாசலில் தொங்கிய பூப்பையை அவர் வெறுங்காலோடு எடுப்பதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். அங்கே வேறு யாருமில்லை. அது யாருக்காக என்று எனக்குத் தெரியவில்லை.