ஆறு மீட்டர் ஆழத்தில் முட்டிய மூச்சு

ஆஸ்துமா உண்டா என்று ஸ்கூபா முக்குளிப்புக்கான ஃபார்மில் கேட்டிருந்தது. 'இல்லை' என்று டிக் அடித்தேன். பக்கத்திலேயே என் கணவர் நிற்கிறார், வேறென்ன செய்வது?

பெண் பார்க்க வந்த அன்று, "இழுப்பு இருக்குன்னு வாயைத் திறந்துடாதே" என்றாள் அம்மா. அப்புறம் சொல்ல நேரம் வாய்க்கவில்லை என்றால் அது சுத்தப் பொய். தைரியம் வரவில்லை. மெல்பர்னில், பாயிண்ட் குக் பகுதியிலிருக்கும் எங்கள் வீட்டில் ஒன்பது வருஷமாகக் குளியலறையைத் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, இன்ஹேலரை இழுத்துக்கொண்டிருந்தேன்.

மெல்பர்ன் வளைகுடாவில் எப்போதோ மூழ்கிய நீராவிக் கப்பலைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. நீச்சல்குளத்தில் ஒரு நாள் பயிற்சி, மறுநாள் பயிற்சியாளரோடு கடல். ஆறு மீட்டர் ஆழம்தான் என்றார்கள்.

கப்பலின் கொதிகலன் பாசி பிடித்து, ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி போலக் கிடந்தது. அதன் ஓட்டைகளில் மீன்கள் போய்வந்தன. பத்து நிமிஷம் எல்லாவற்றையும் மறந்திருந்தேன். பிறகு சிலிண்டரின் வறண்ட காற்று நெஞ்சைப் பிடித்தது.

கணவர் ஏதோ மீனைச் சுட்டிக் காட்டினார். கையை உயர்த்தினால் ஒன்பது வருஷமும் வெளியே வந்துவிடும். மாமியார் வீட்டில் என்ன பேசுவார்கள் என்றுகூட யோசித்தேன். சே, சாகப்போகிறவளுக்கு இந்தக் கவலையா! அடுத்த மூச்சு பாதியில் நின்றுவிட்டது. அவர் கையைப் பற்றிக்கொண்டு, பயிற்சியில் சொன்னபடி கட்டைவிரலை மேல்நோக்கிக் காட்டினேன். மேலே போக வேண்டும்.

வேகமாக ஏறக் கூடாது, மூச்சை அடக்கவும் கூடாது. அவரும் பயிற்சியாளரும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு என்னை மெல்ல மெல்ல மேலே கொண்டுவந்தார்கள். செத்தேன் என்றே நினைத்தேன்.

படகில் என் நெஞ்சு விசிலடித்துக்கொண்டிருந்தது. அவர் தன் பையைத் திறந்து, காலுறைக்குள்ளிருந்து ஒரு நீல இன்ஹேலரை எடுத்தார். என்னுடையது அல்ல, புதிது.

இரண்டு முறை இழுத்த பிறகுதான் குரல் வந்தது. "எப்போலேர்ந்து தெரியும்?"

"கல்யாணமான முதல் மாசத்துலேர்ந்து. நீயே சொல்லுவேன்னு காத்துக்கிட்டிருந்தேன்."

நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வந்ததோ கொலைவெறி. "டிக் அடிச்சப்போ பார்த்துக்கிட்டுத்தானே நின்னீங்க? கடலுக்கு அடியில போற வரைக்குமா காத்திருப்பீங்க?"

அவர் இன்ஹேலரின் மூடியைத் திரும்பப் போடப் பார்த்தார். அது மூன்று முறை கீழே விழுந்தது.