ஐதராபாத்துக்கு எத்தனை எலுமிச்சம்பழம்

என் அக்கா காந்தாவுக்குக் கிலோமீட்டர் கணக்கு தலையில் ஏறாது. எலுமிச்சம்பழக் கணக்குதான். மலைமேல் இருக்கும் எங்கள் புதூர்நாட்டிலிருந்து கீழே திருப்பத்தூருக்கு நாலு பழம். நாலையும் முகர்ந்து முடித்த பிறகும், என் ஜீப்பைக் கழுவாமல் அடுத்த சவாரி ஏற்ற முடியாது. சாமை மூட்டையைச் சுமந்து மலை ஏறுவாள், பலாமரத்தில் ஏறிக் காய் இறக்குவாள், ஊரில் எவனுக்கும் பயப்பட மாட்டாள். ஜீப்பைக் கண்டால் மட்டும் முகம் வெளுத்துவிடும். இருபது வருஷமாக நான் அவளைக் கிண்டல் செய்திருக்கிறேன். ஸ்டியரிங் பிடிக்கிற எனக்கு ஒரு வளைவிலும் தலை சுற்றியதில்லை என்ற திமிர்.

தன் மகள் சிவசங்கரி சென்னையில் பட்டம் வாங்கிய அன்று, திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டிலேயே சுருண்டு உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தவள் அக்கா. விழாவில் அவளுக்குப் பிடித்து வைத்த நாற்காலி கடைசிவரை காலியாகவே இருந்ததாம். போன மாசியில், பிரசவத்துக்கு நாலு நாள் இருக்கும்போது, ஐதராபாத்திலிருந்து சங்கரி போனில் பேசினாள்.

"நீ வர மாட்டம்மா, எனக்குத் தெரியும். பரவால்ல."

அந்தப் 'பரவால்ல' எனக்கே சுருக்கென்றது. அக்கா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "மணிவேலு, நான் போறேன். நீயும் வர்ற." தாய்மாமன் தப்ப முடியுமா?

மருமகன் அன்பரசன் விமான டிக்கெட் போட்டுவிட்டுத் தூரத்தை விளக்கினார். சென்னையிலிருந்து ரோட்டில் போனால் அறுநூற்று முப்பது கிலோமீட்டர், ஆகாயத்தில் ஐந்நூற்று இருபது. வழியில் வளைவு எத்தனை என்று அக்கா கேட்டாள். வளைவே கிடையாது என்றார் அவர். அவள் நம்பவில்லை. நூறு கிலோமீட்டர் மிச்சமென்றால் அது குறுக்கு வழி, குறுக்கு வழி என்றால் செங்குத்து ஏற்றம்தான் என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். மஞ்சப்பையில் இருபத்தைந்து பழம் ஏறியது.

சென்னை போவதற்குள் ஒன்பது காலி. விமானம் ஓடி மூக்கைத் தூக்கியபோது, வேடிக்கை பார்க்கத் தயாராக அக்கா பக்கம் திரும்பினேன். அவள் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு, கீழே போகும் மேகத்தைப் பார்த்துக் கிளுகிளுவென்று சிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த நொடி என் வயிறு தொண்டைக்கு வந்தது. பிடிக்க ஸ்டியரிங் இல்லை, மிதிக்க பிரேக் இல்லை. நான் மிதித்த மிதியில் முன் சீட்டுக்காரர் மூன்று முறை திரும்பிப் பார்த்தார்.

அக்கா ஒரு பழத்தை நகத்தால் கீறி என் மூக்கில் வைத்தாள். "கண்ண மூடிக்க. மோந்துக்கினே இரு." இருபது வருஷம் நான் அவளிடம் சொன்ன அதே வார்த்தைகள். மிச்சமிருந்த பதினாறு பழமும் எனக்கே செலவாயிற்று.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த நர்ஸ், நோயாளி நான்தான் என்று சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். இடுப்பைப் பிடித்தபடி வராந்தாவில் நடந்துகொண்டிருந்த சங்கரி, அம்மாவைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். அழுகையும் சிரிப்புமாக, எத்தனை பழம் ஆச்சும்மா என்று கேட்டாள்.

"சென்னைலருந்து ஒண்ணுகூட ஆவல," என்றாள் அக்கா. மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இம்மாங் கிட்டத்துல இருந்திருக்க. எனக்குத் தெரியாம போச்சேடி."

நான் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்தேன்.