வேனுக்குப் போர்த்திய கம்பளி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் வாகனங்களைப் பற்றி முழுதும் அறிந்தவர் ஆண்டியப்பன் ஒருவர்தான். இதைச் சொன்னதும் ஆண்டியப்பன்தான். தோட்டத்து லொறியை ஓட்டி ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய டீசல் வேன் வாங்கினார். நானுஓயா ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்குகிறவர்களை நுவரெலியாவுக்கு ஏற்றிப் போவது தொழில்.

பனிக்காலம் வந்ததும் வேனின் குணம் தெரிந்தது. கொழுந்து பனியில் கருகும் தை மாதக் காலைகளில் சாவியைத் திருப்பினால் இருமும், வெள்ளைப் புகை கக்கும், அடங்கிவிடும். கராஜ் வைத்திருக்கும் மஃறூப் நானா ஒரு தடவை கொண்டுவந்து காட்டச் சொன்னார். ஆண்டியப்பனுக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது.

"என் வண்டிய எனக்குத் தெரியாதா? அதுக்கு நோவு ஒண்ணும் இல்ல. குளிருது, அவ்வளவுதான்."

குளிருகிறதாம், இரும்புக்கு.

அதற்கு வைத்தியமும் அவரே கண்டுபிடித்தார். பொழுது சாய்ந்ததும் முன் சீட்டைத் தூக்கி, கீழே இருக்கிற இஞ்சினுக்குக் கம்பளி போர்த்திவிடுவார். அந்தக் கம்பளி அவர் மனைவி மீனம்மா அக்காவுடையது. நாளெல்லாம் மழையில் கொழுந்தெடுத்துவிட்டு வந்து அக்கா போர்த்திக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான். வீட்டில் இன்னொரு கம்பளியும் உண்டு. அது ஆண்டியப்பனுடையது, அதைக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. அக்கா இரண்டு பழஞ்சேலையைச் சேர்த்துப் போர்த்திக்கொண்டு படுத்தார். கேட்டால், "வண்டி ஓடுனாத்தானே நமக்குச் சோறு" என்பார் இவர். அக்காவின் கொழுந்துக் கூடையிலிருந்து வந்த சோறு அவர் கண்ணுக்குச் சோறாகத் தெரியவில்லை.

விடிந்தால் அக்கா முதலில் எழுந்து அடுப்பில் கேத்தல் வைத்துத் தண்ணீர் கொதிக்கவிட வேண்டும். ஆண்டியப்பன் கம்பளியை எடுத்துவிட்டு அந்த வெந்நீரை இஞ்சின் மேல் ஊற்றுவார். அப்புறம் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போக நிற்கும் நாங்கள் எல்லாரும் சரிவில் வேனைத் தள்ள வேண்டும். ஐயா ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபடி எங்களைத் திட்டுவார். இரண்டு பனிக்காலம் இப்படியே போனது.

போன தையில் அக்காவுக்கு இருமல் நெஞ்சில் இறங்கிவிட்டது. ஒரு விடியலில் மூச்சு விட முடியாமல் உதடு நீலம் பாரித்துக் கிடந்தார். ஆண்டியப்பன் வேனுக்கு ஓடினார். கேத்தல் வைக்க அன்று ஆள் இல்லை. அக்காவைப் பின் சீட்டில் கிடத்திவிட்டு நாங்கள் தள்ளினோம். கீழ் வளைவில் இஞ்சின் பிடித்தது. நாங்கள் கைதட்ட வேண்டும் என்பதுபோலத் திரும்பிப் பார்த்தார் மனுஷன். உடனே சீட்டுக்குக் கீழே தடதடவென்று ஒரு சத்தம். இஞ்சின் நின்றது. கம்பளி கருகிய நாற்றம் வந்தது.

அவசரத்தில் கம்பளியை எடுக்க மறந்திருக்கிறார். அது காற்றாடியில் சுற்றி, பெல்ட்டையும் அறுத்துவிட்டது.

கீழ் லயத்து விஜிதரன் ஆட்டோவோடு வந்தான். "மூணு வீலெல்லாம் ஒரு வண்டியா" என்று ஆண்டியப்பன் நாள் தவறாமல் நக்கலடித்த அதே ஆட்டோ. அக்காவைத் தூக்கி அதில் வைத்தோம். பல் கிட்ட, புருஷனைப் பார்த்துக் கேட்டார்:

"குளிருதுங்க. என் கம்பளியக் கொண்டாங்க."

அவர் போனார். எண்ணெய் சொட்டும் ஒரு கிழிசலோடு வந்து நின்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் போட்டிருந்த ஜாக்கெட்டைக் கழற்றி அக்காவுக்குப் போர்த்தினேன்.

ஆஸ்பத்திரியில் அக்கா பிழைத்துக்கொண்டார். அதற்குள் வேனைக் கட்டி இழுத்துப் போய் மஃறூப் நானாவிடம் விட்டோம். அவர் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஹீட்டர் பிளக் பூரா எரிஞ்சு போயிருக்கு. இஞ்சினுக்கு உள்ளுக்குச் சூடு குடுக்கிறது இதுதானே. மேல கம்பளி போத்தி என்ன செய்ய?"

புது பிளக் போட்டார். ஊருக்குத் திரும்பிய ஆண்டியப்பன் எல்லாரிடமும், "பிளக்காத்தான் இருக்கும்னு நான் அப்பவே நெனச்சேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். வெட்கம் என்பது அந்த மனுஷனுக்குக் கிடையாது.

அக்கா வீட்டுக்கு வந்த அன்று, ஹட்டனில் வேலை செய்யும் மகள் தனுஜா புதுக் கம்பளி ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். பொழுது சாயும்போது அடுத்த வீட்டில் அவர்கள் பேசுவது எங்கள் சுவர் வழியே கேட்டது.

"பிளக்கு புதுசுதான். இருந்தாலும் இன்னிக்குப் பனி கூடுதலா இருக்கு. அதக் கொஞ்சம் குடு."

"ஒங்களுத எடுத்துப் போத்துங்க."

அன்று வேன் ஒன்றும் போர்த்தாமல்தான் நின்றது. தன்னுடையதைக் கொடுக்கிற ஆளா அவர்?

காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. ஆண்டியப்பன் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகி, லயம் முழுக்கக் கேட்கும்படி வேன் உறுமியது. அடுத்த வீட்டில் கேத்தல் வைக்கும் சத்தம் கேட்கவில்லை.