இடிக்குப் பயந்து இறக்கிய மெயின்

பிற்பகல் மூன்று பத்துக்கு நான் மெயின் சுவிட்சை இறக்கினேன். நேரம் சரியாக நினைவிருக்கிறது. சுவிட்சுப் பெட்டிக்கு மேலேதான் எங்கள் வீட்டு மணிக்கூடு தொங்குகிறது.

சித்திரை மாதம். கிருலப்பனைப் பக்கம் வானம் கறுத்து வந்து முதல் இடி விழுந்தது. இடி கேட்டால் ரிவியின் வயரைக் கழற்றி, ரவுட்டரைக் கழற்றி, கடைசியில் மெயினை இறக்குவது எங்கள் வீட்டில் பல வருடப் பழக்கம். ஒருமுறை ரிவியும் ஃபிரிஜும் ஒரே இடியில் கருகிப்போன பிறகு வந்தது. யோசித்துச் செய்வதில்லை, கை தானாகப் போகும்.

மகள் குளித்துக்கொண்டிருந்தாள். குளிக்கப் போகும்போதே சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"அம்மா, கம்ப்யூட்டர்ல அப்டேட் ஓடுது. கேர்னல் மாறுது. ஒண்டும் தொடாதேங்கோ."

"நான் ஏன் அதைத் தொடப்போறன்?" என்றேன். நான் அதைத் தொடவும் இல்லை.

இரண்டு நாட்களுக்கு முன்புதான் அவள் கொட்டாஞ்சேனையிலிருந்து, கணவன் வீட்டிலிருந்து, வந்திருந்தாள். ஆட்டோவில் ஒரு பெட்ஷீற்றால் சுற்றிய கணினிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். இடது கண் வீங்கி மூடியிருந்தது. உடுப்புகூடக் கொண்டுவரவில்லை. அவன் அவளுடைய ஃபோனைச் சுவரில் அடித்து உடைத்திருந்தான். அவளுடைய மின்னஞ்சல், கூகிள் எல்லாவற்றின் கடவுச்சொற்களும் அவனிடம் இருந்தன. அவனுக்குத் திறக்க முடியாத ஒரே இடம் அந்த லினக்ஸ் கணினிதான். ஒவ்வொரு முறை அடி வாங்கிய பிறகும் எடுத்த படங்களையும் அவன் கத்திய ஒலிப்பதிவுகளையும் அதில் பூட்டி வைத்திருந்தாள்.

இடி விழுந்ததற்கு மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நீதிமன்றம். படங்கள் இருந்தால் அன்றைக்கே இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை கிடைக்கக்கூடும், இல்லாவிட்டால் இவள் சொல், அவன் சொல் என்று மாதக்கணக்கில் இழுபடும் என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். படங்களை அச்செடுக்கப் பார்த்தபோது என்னுடைய பிரின்டரை அந்தக் கணினி கண்டுகொள்ளவில்லை. அதனால்தான் அப்டேட். இடம் போதாது என்று, கணினியை எழுப்பும் பழைய கேர்னலை அவளே அழித்துவிட்டுப் புதியதை ஏற்றத் தொடங்கியிருந்தாள்.

துவாயைத் தலையில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

"கரண்ட் போயிட்டுதோ?"

"இல்லைப் பிள்ளை, நான்தான் இறக்கினனான். இடி."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. இரண்டு கைகளாலும் என் தோள்களைப் பிடித்து உலுக்கினாள். என் தலை சுவரில் இடித்தது.

"தொடாதேங்கோ எண்டுதானே சொன்னனான்! அவன் ரெண்டு வருசமாச் செய்ய ஏலாததை நீங்கள் ஒரு நிமிசத்தில செய்துபோட்டீங்கள்!"

பிறகு தன் கைகளைப் பார்த்தாள். என் தோளில் அவளுடைய விரல்கள் பதிந்திருந்தன. கைகளை எடுத்துக்கொண்டாள்.

மின்சாரத்தைத் திரும்பப் போட்டோம். கணினி ஒரு பட்டியலைக் காட்டியது. அதில் ஒரே ஒரு கேர்னல்தான் இருந்தது. அவள் எண்டரை அழுத்தினாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் கொட்டி, கேர்னல் பானிக் என்ற வரியில் வந்து நின்றன. நிறுத்தி மறுபடி போட்டாள். அதே வரி. மூன்றாம் முறையும் அதே. மேசையை முஷ்டியால் குத்தினாள், தேநீர்க் கோப்பை விழுந்து உடைந்தது. இருவருமே குனிந்து பொறுக்கவில்லை.

"என்ன நடந்தது எண்டாவது சொல்லு."

"எஞ்சினைப் பூட்டியாச்சு, ஸ்டார்ட்டரைப் பூட்டமுதல் நீங்கள் கராஜை இழுத்து மூடிட்டீங்கள். டிஸ்க் எங்க இருக்கெண்டு கேர்னலுக்குத் தெரியேல்லை."

"படங்கள்?"

"உள்ள இருக்கோணும். உள்ள போக வழியில்லை. ஒரு பென் டிரைவ் தாங்கோ. அதில வேற லினக்ஸை ஏத்தி, அதால எழுப்பி, டிஸ்கைத் திறந்து பாப்பம்."

வீட்டில் இருந்தது ஒன்றுதான். அவளுடைய கல்யாணத்துக்குப் படமெடுத்த ஸ்டூடியோ, சிவப்பு வெல்வெட் பெட்டியில் வைத்துத் தந்தது. என் ஒஃபிஸ் லாப்டொப்பில் செருகியதும் மணவறைப் படங்கள் வந்தன.

"இதை முழுக்க அழிக்கோணும்," என்றாள்.

என் கண் மணவறைப் படத்திலேயே நின்றது.

"என்னம்மா, தாலி கட்டுற வீடியோ வேணுமோ? வாட்ஸ்அப்பில அனுப்பிவிடவோ?"

"அழி," என்றேன்.

லினக்ஸைத் தரவிறக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடித்தது. மழை பலமாகப் பெய்துகொண்டிருந்தது. இடி விழும்போதெல்லாம் என் கண் சுவிட்சுப் பெட்டிக்குப் போனது. கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

பென் டிரைவால் கணினி எழும்பியது. அவள் நீளமான கடவுச்சொல் ஒன்றைத் தட்டினாள், பூட்டுத் திறந்தது. ஆனால் உள்ளே இருந்த கோப்புகளைக் காட்ட மறுத்தது. மின்சாரம் அறுந்த இடத்தில் ஏதோ சிதைந்திருக்கிறது என்றாள். திருத்தும் கட்டளையைக் கொடுத்தாள். அது ஒவ்வொரு பிழையாகக் காட்டி, திருத்தட்டுமா, திருத்தட்டுமா என்று கேட்டது. அவள் ஓம், ஓம் என்று தட்டிக்கொண்டே போனாள். எதைத் திருத்துகிறது, எதைத் தூக்கியெறிகிறது என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் அந்த நேரத்தில் தெரிந்திருக்காது.

ஐந்தே காலுக்குக் கோப்புகள் திறந்தன. படங்கள் இருந்தன. அவள் சத்தமில்லாமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"உங்கட ஃபோனைத் தாங்கோ. முதல் எல்லாத்தையும் அதில ஏத்துவம்."

வீட்டிலிருந்த ஒரே ஃபோன் அது. அதைக் கேபிளில் கொழுவிப் பிரதி எடுக்கத் தொடங்கியபோதுதான் அழைப்புமணி அடித்தது.

மருமகன் வந்திருந்தான். எங்கள் தொடர்மாடியின் செக்கியூரிட்டிக்கு அவனைத் தெரியும். மருமகன்தானே என்று மேலே அனுப்பிவிட்டார். மரக்கதவின் துளையால் பார்த்தேன். இஸ்திரி போட்ட நீலச் சட்டை, கையில் மடக்கிய குடை. நான் திறந்திருக்கக்கூடாது. ஆனால் எதிர்வீட்டுக் கதவு திறந்திருக்கும் நேரம், மருமகனை வாசலில் நிற்கவைத்துவிட்டு உள்ளே பேசாமலிருக்க எனக்கு வரவில்லை. வெளியே கம்பிக் கதவு பூட்டியிருக்கிறதுதானே என்று நினைத்து மரக்கதவைத் திறந்தேன்.

"சாப்பிட்டீங்களோ மாமி?" என்றான்.

"ஓம் தம்பி."

"என்ர கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்திட்டா. எனக்கு வேலை இருக்கு. தாங்கோ, நான் போறன். அவவை நீங்கள் ரெண்டு நாள் வச்சிருந்து அனுப்புங்கோவன்."

"அது அவள் தன்ர சம்பளத்தில வாங்கினது."

"சரி மாமி, நீங்கள் சொன்னாச் சரிதான். கதவைத் திறவுங்கோ, இருந்து கதைப்பம்."

"இப்ப ஏலாது தம்பி. நாளைக்கு..."

நாளைக்கு என்ற சொல்லோடு கம்பிகளுக்கிடையால் கை வந்து என் வலது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது. என் நெற்றி இரும்பில் மோதியது. கையை முழங்கைவரை வெளியே இழுத்து, கம்பியில் வைத்து முறுக்கினான். அவனுடைய குரல் மட்டும் மாறவில்லை.

"பூட்டின்ர திறப்பு எங்க மாமி? திறப்பைத் தாங்கோ."

"அம்மா!" என்று அறைக்குள்ளிருந்து மகள் கத்தினாள்.

"வெளியில வராதை! கதவைப் பூட்டு!"

"ஃபோனைக் கழட்டவோ? பொலிஸுக்கு அடிக்கவோ?"

"முடிஞ்சுதோ?"

"இன்னும் இல்லை!"

"கழட்டாதை!"

அவன் என் கையை மறுபடி கம்பியில் அடித்தான். எலும்பு சத்தம் போட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு நான் செய்ததை இன்றுவரை யாருக்கும் சொல்லவில்லை. என் கையோடு அவனுடைய கையையும் உள்ளே இழுத்து, குனிந்து, அதைக் கடித்தேன். பெருவிரலுக்குக் கீழே, சதை உள்ள இடத்தில். விடவில்லை. அவன் மற்றக் கையால் குடைக்காம்பை எடுத்து என் காதில் குத்தினான், கழுத்தில் குத்தினான். அப்போதும் விடவில்லை. ஐம்பத்திரண்டு வயதில், அலுவலகத்தில் எல்லோரும் மிஸ் என்று கூப்பிடும் ஒருத்தி, வாய் நிறைய இன்னொருவனின் இரத்தத்தோடு நாய்போல உறுமிக்கொண்டு நின்றேன்.

அவன் கையைப் பிய்த்தெடுத்தான். கம்பிக் கதவை உதைத்தான். பூட்டு மாட்டிய வளையம் வளைந்தது. இன்னும் இரண்டு உதை தாங்காது.

"வேசை! தாயும் மகளும்! ரெண்டு பேரையும் கொளுத்துவன்!"

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. மேல்மாடியில் இருக்கும், நானா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் அண்ணர், கல்யாணங்களுக்குப் பிரியாணிச் சமையல் எடுப்பவர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். கையில் பெரிய அகப்பை இருந்தது. சமையலுக்கிடையில் வந்திருக்கிறார்.

"தம்பி, பொலிஸுக்குக் கோல் எடுத்தாச்சு. நீங்க நிண்டாலும் சரி, போனாலும் சரி. நான் இங்கதான் நிக்கிறன்."

அவன் அவரைப் பார்த்தான், அகப்பையைப் பார்த்தான். செருப்புத் தட்டை உதைத்துச் சிதறடித்துவிட்டு இறங்கிப் போனான். நானா சிதறிய செருப்புகளை ஒவ்வொரு சோடியாக எடுத்துத் தட்டில் வைத்தார். பிறகு படியில் குந்திக்கொண்டு பொலிஸ் வரும்வரை அங்கேயே இருந்தார்.

வாயைக் கழுவினேன். எத்தனை தரம் கொப்பளித்தும் அந்த இரும்பு ருசி போகவில்லை. மகள் ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றி என் கையில் வைத்துவிட்டு, திரும்பக் கணினிக்கு முன் போய் உட்கார்ந்தாள்.

"ஃபோன்ல வந்திட்டுதுதானே. காணும், விடு பிள்ளை."

"இல்லையம்மா. பிரதியை அவன்ர லோயர் பொய்யெண்டு சொல்லுவான். முதல் எடுத்தது இருக்கிற இந்தக் கம்ப்யூட்டரே எழும்பி நிக்கோணும்."

பூட்டுத் திறந்த டிஸ்குக்குள் போய், பாதியில் அறுந்த அப்டேட்டை அது நின்ற இடத்திலிருந்து முடிக்கச் சொன்னாள். ஒரே வரியை மூன்று முறை பிழையாகத் தட்டினாள். கடைசியில் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு மறுபடி போட்டாள். திரை கறுத்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அது கடவுச்சொல் கேட்டுக்கொண்டிருந்தது.

எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவள் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். நான் அதுவரை ஒன்றையும் பார்த்ததில்லை. அவள் காட்ட வந்த நாட்களில், வேண்டாம், மனதுக்குக் கஷ்டம் என்று சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு படத்துக்கும் பெயராகத் திகதியைப் போட்டிருந்தாள். நாலாவது படத்தில் முதுகு. பெல்ட்டின் கொளுக்கி பதிந்த அடையாளம் சதுரமாக, தெளிவாக இருந்தது. திகதியைப் பார்த்தேன். அன்றைக்குத்தான் நானே அவளை ஆட்டோவில் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிக்கொண்டுபோய் விட்டிருந்தேன். சமாளிச்சுக்கொண்டு இரு, எல்லா வீட்டிலும் உள்ளதுதான் என்று வழியெல்லாம் சொன்னேன். அங்கே போனபோது அவனே தேநீர் போட்டுத் தந்தான். குடித்துவிட்டு வந்தேன்.

"இந்த நாளிலயோ?" என்றேன்.

"நீங்கள் படி இறங்கின கையோட," என்றாள். அவள் குரலில் கோபம் இருக்கவில்லை. அடுத்த படத்தைத் திறந்தாள்.

ஏழு மணிக்குக் கால்மணி இருக்கும்போது பொலிஸ் வந்தது. ஒரு சார்ஜன், பின்னால் ஒரு பெண் கொன்ஸ்டபிள். சார்ஜன் வளைந்த வளையத்தை விரலால் தட்டிப் பார்த்தார். இது குடும்பப் பிரச்சினைதானே அம்மா, இரண்டு பேரையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டுக் கதைத்துத் தீர்க்கலாமே என்று சிங்களத்தில் என்னிடம் கேட்டார். அதையே தமிழில் பலதரம் சொன்ன வாய் என்னுடையது.

"மிஸ், மேக பலன்ன," இதைப் பாருங்கள் என்று மகளும் சிங்களத்திலேயே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, திரையை அவள் பக்கம் திருப்பினாள்.

கொன்ஸ்டபிளுக்கு மகளின் வயதுதான் இருக்கும். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் படத்திலிருந்து கடைசிவரை அவசரப்படாமல் பார்த்தாள். முடிந்ததும் சார்ஜனைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அவர் புத்தகத்தை விரித்தார். பிறகு அவள் என் பக்கம் திரும்பி, துணியை விலக்கி, வீங்கி நீலமாகிப் போயிருந்த என் கையைப் பார்த்தாள். எங்கோ படித்த தமிழில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்:

"அம்மா, உங்க கையும் ஒரு போட்டோ எடுங்க. இப்பவே எடுங்க. திகதி போடுங்க."